நியூஜெர்சிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: உயிலுக்கும் பெற்றோருக்கும் ஒரு நல்ல வக்கீல்

அமெரிக்காவில் வந்து இறங்கியதும் என்னென்ன செய்ய வேண்டும் என்று ஆளுக்கொரு பட்டியல் கொடுப்பார்கள். சோஷியல் செக்யூரிட்டி எண், டிரைவிங் லைசென்ஸ், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், பொன்னி அரிசி எந்தக் கடையில் மலிவு என்பது வரை அதில் இருக்கும். வக்கீல் மட்டும் இருக்கமாட்டார். ஊரில் வக்கீல் வீட்டுப் படியேறினால் பங்காளிச் சண்டை வந்துவிட்டது என்று அர்த்தம். உயில் என்று வாயெடுத்தாலே அம்மா, "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு" என்பார். அதனால் தள்ளிப்போடுகிறோம். நான் நியூஜெர்சிக்கு வந்து 18 வருஷமாகிறது. முதலில் பொருந்தாத வக்கீலிடமும் பிறகு பொருத்தமானவரிடமும் போய்வந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

"வாடகை அபார்ட்மென்ட், ஒரு பழைய கார். நமக்கெதற்கு உயில்?" என்று கேட்பீர்கள். ஆபீஸ் லைஃப் இன்ஷூரன்ஸையும் 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்பையும் கூட்டிப் பாருங்கள். நீங்கள் ஊரில் மாதாமாதம் அம்மாவுக்குப் பணம் அனுப்பும் பிள்ளை என்றால், இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நியூஜெர்சியில் உயில் எழுதாமல் ஒருவர் இறந்து, கணவன், மனைவி இருவருடைய பிள்ளைகள் எல்லோரும் அந்தத் தம்பதிக்கே பிறந்தவர்கள் என்றால், அவர் பெயரில் உள்ள சொத்து முழுவதும் கணவனுக்கோ மனைவிக்கோ போகும். அம்மாவுக்கு ஒரு டாலர்கூட இல்லை. இந்தியாவில் இந்துக் குடும்பமானால் 1956ஆம் வருஷச் சட்டப்படி, மகன் உயில் இல்லாமல் போனால் மனைவி, பிள்ளைகளோடு தாய்க்கும் சமபங்கு உண்டு. அந்த நினைப்பிலேயே நாம் இங்கேயும் இருந்துவிடுகிறோம். பிள்ளை இல்லாத தம்பதி, பெற்றோர் உயிரோடு இருக்கிறார்கள் என்றால் கணக்கு வேறு: மொத்தத்தில் முதல் கால் பங்கு (குறைந்தது 50,000, அதிகபட்சம் 2,00,000 டாலர்), மீதியில் முக்கால் பங்கு, இவ்வளவும் துணைக்கு. எஞ்சியது பெற்றோருக்கு.

இன்ஷூரன்ஸும் 401கே-யும் உயில் வழியாகப் போகாது. வேலையில் சேர்ந்த அன்று யார் பெயரை எழுதினீர்களோ அதன்படி போகும். கல்யாணத்துக்கு முன் இரண்டிலும் அப்பா பெயரை எழுதிவிட்டு மறந்தவர்கள் நிறைய. 401கே-யில் மத்திய சட்டப்படி, மனைவி எழுதிச் சம்மதிக்காதவரை பணம் மனைவிக்கே. இன்ஷூரன்ஸ் பணமோ படிவத்தில் இருக்கும் அப்பாவுக்கு. இதற்கு வக்கீல்கூட வேண்டாம், இன்று இரவே ஆபீஸ் தளத்தில் போய்ப் பார்த்துவிடுங்கள்.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் உயில் பணத்துக்காக மட்டும் இல்லை. இருவருக்கும் ஒரே நேரத்தில் ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளை யாரிடம் வளரவேண்டும் என்று உயிலில்தான் எழுதி வைக்கமுடியும். சித்தி திருச்சியில் இருக்கிறார், அவர் விசா எடுத்து வந்து சேர எத்தனை நாளாகுமோ, அதுவரைக்கும் இங்கேயே ஒருவர் பெயரையும் தற்காலிகப் பொறுப்பாளராகக் குறித்துவையுங்கள். பக்கத்துத் தெருச் சிநேகிதியிடம் முன்பே கேட்டு, அவர் சரி என்ற பிறகு எழுதுங்கள்.

இளம் தம்பதிக்கு இவ்வளவும் போதும். பல ஐடி கம்பெனிகளில், ஊழியர் சலுகைகளைத் தேர்ந்தெடுக்கும் ஓப்பன் என்ரோல்மென்ட் சமயத்தில், வக்கீல் உதவிக்கான லீகல் பிளான் ஒன்று இருக்கும். சாதாரண உயிலுக்கு அந்தப் பட்டியலில் உள்ள வக்கீலே போதுமானவர். அப்பா அம்மாவுக்கு கிரீன் கார்டு எடுத்து அழைத்துவரப் போகிறீர்கள் என்றால் அந்த வக்கீல் போதாது. எல்டர் லா என்று, முதியவர்களின் சட்ட விஷயங்களுக்கு இங்கே ஒரு தனித்துறையே இருக்கிறது, அதில் பழகியவர் வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். கிரீன் கார்டில் வரும் 65 வயதுப் பெற்றோருக்கு, இங்கே வேலை செய்த கணக்கு இல்லாததால், தொடர்ந்து 5 வருஷம் வசித்த பிறகுதான் முதியவர்களுக்கான அரசு மருத்துவ இன்ஷூரன்ஸான மெடிகேர் வாங்கவே வழி. அப்போதும் அதில் ஆஸ்பத்திரிப் பகுதியான பார்ட் ஏ-வுக்கு மட்டும் முழுக் கட்டணம் 2025இல் மாதம் 518 டாலராக இருந்தது. அந்த மெடிகேரும் ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான். நர்சிங் ஹோமில் மாதக்கணக்கில் குளிப்பாட்டி, ஊட்டிப் பார்த்துக்கொள்வதற்குக் கொடுக்காது. அதற்குக் கொடுப்பது, வருமானமும் சொத்தும் குறைந்தவர்களுக்கான அரசுத் திட்டமான மெடிகெய்டு. புதிதாக வந்த கிரீன் கார்டுக்காரர்களுக்குப் பொதுவாக அதிலும் 5 வருஷத் தடை. விண்ணப்பிக்கும்போது அதற்கு முந்தைய 60 மாதங்களில் யாருக்கு என்ன கொடுத்தீர்கள் என்று பார்ப்பார்கள். தாம்பரம் வீட்டை விற்ற பணத்தை அப்பா பேத்தி கல்யாணத்துக்குக் கொடுத்திருந்தால் அதுவும் அந்தக் கணக்கில் வரும். கொடுத்த தொகைக்கு ஏற்ப அத்தனை மாதம் மெடிகெய்டு தள்ளிப்போகும். அப்பாவைப் பொறுத்தவரை அது சீர், படிவத்தைப் பொறுத்தவரை சொத்தைக் கைமாற்றியது.

கிரீன் கார்டுக்காக நீங்கள் கையெழுத்திட்ட ஐ-864 படிவம் வேறு இருக்கிறது. பெற்றோர் குடியுரிமை வாங்கும்வரை, அல்லது 40 காலாண்டு வேலைக் கணக்கு அவர்கள் பெயரில் சேரும்வரை, அவர்களைத் தாங்குவது உங்கள் பொறுப்பு என்று அதில் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். எல்டர் லா தெரிந்தும் இந்தப் படிவத்தைப் பற்றிக் கேட்காத வக்கீல் நம் வீட்டுக்குப் பாதி வக்கீல்தான்.

டெலவேர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பென்சில்வேனியாவில் குடியேறுபவர்களுக்கு இன்னொன்று. 2012இல் அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்பு தந்தது. விபத்துக்குப் பிறகு நர்சிங் ஹோமில் இருந்த தாய் கிரீஸுக்குப் போய்விட்டார். ஏறக்குறைய 93,000 டாலர் பாக்கியை மகன் கட்டவேண்டும் என்று முடிவானது. மெடிகெய்டு விண்ணப்பம் நிலுவையில் இருந்தும் விடவில்லை. பெற்றோரைப் பிள்ளை தாங்க வேண்டும் என்கிற பழைய சட்டம் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம் என்பதைப் புதிதாக வருபவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வதில்லை. வாட்ஸாப் குழுவில் ஃப்ரீமான்டில் இருக்கும் நண்பர், "முதல்ல லிவிங் டிரஸ்ட் போடுங்க" என்பார். உயிரோடு இருக்கும்போதே சொத்தை ஒரு அறக்கட்டளையின் பெயருக்கு மாற்றி, நீதிமன்றத்துக்குப் போகாமல் வாரிசுக்குச் சேர்க்கும் ஏற்பாடு அது. அவர் ஊருக்கு அது சரி. கலிஃபோர்னியாவில் உயிலை நீதிமன்றம் வழியாக நிறைவேற்ற வக்கீல் கட்டணத்தைச் சட்டமே நிர்ணயிக்கிறது: முதல் லட்சம் டாலருக்கு 4 சதவீதம், அடுத்த லட்சத்துக்கு 3, அதற்கு மேல் 8 லட்சத்துக்கு 2. பத்து லட்சம் டாலர் வீட்டுக்கு 23,000 டாலர், கடன் பாக்கியைக் கழிக்காமல். உயிலை நிறைவேற்றுபவருக்கும் அதே அளவு கேட்க உரிமை உண்டு. நியூஜெர்சியில் ஒருவர் இறந்தபின், கவுன்ட்டியில் (மாவட்டம் மாதிரி) உயில்களைக் கவனிக்கும் சரோகேட் ஆபீஸில் உயிலைக் கொடுத்து நிறைவேற்றுவது அவ்வளவு சிரமமில்லை. இங்கே வேறு பொறி. இறந்தவரின் மொத்தச் சொத்தின் மேல் மாநிலம் போட்ட எஸ்டேட் வரி 2018இல் போய்விட்டாலும், யாருக்குப் போகிறது என்பதைப் பொறுத்துப் போடும் வாரிசு வரி இருக்கிறது. மனைவி, பிள்ளை, பெற்றோருக்கு அது கிடையாது. தங்கைக்கு எழுதினால் 25,000 டாலருக்கு மேல் 11 சதவீதத்தில் ஆரம்பிக்கும், அக்கா மகனுக்கு எழுதினால் 15இல். தங்கைக்குச் செய்யவேண்டும் என்ற நினைப்பு இருந்தால் வக்கீலிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இன்ஷூரன்ஸில் அவர் பெயரைப் போடுவதுபோல வேறு வழி இருக்கிறது.

இனி ஆளைத் தேடும் விஷயம். இங்கே நோட்டரி என்ற பலகையைப் பார்த்து வக்கீல் என்று நினைத்துவிடாதீர்கள். ஊரில் நோட்டரி பெரும்பாலும் வக்கீலாகவே இருப்பார், இங்கே பார்சல் கடையில் இருக்கும் பையன்கூட நோட்டரியாக இருக்கலாம். வக்கீலின் பெயரை மாநில நீதித்துறைத் தளத்தில் தட்டிப் பாருங்கள், நியூஜெர்சியில் தொழில்செய்யும் உரிமை நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது உண்டா என்று. நேஷனல் எல்டர் லா ஃபவுண்டேஷன் தரும் சான்றிதழ் இருந்தால் நல்லது. சி.இ.எல்.ஏ. என்று போட்டிருப்பார்கள். அதை வாங்க குறைந்தது 5 வருஷம் வக்கீலாக இருந்திருக்க வேண்டும், கடைசி 3 வருஷத்தில் இந்தத் துறையில் 60 வழக்குகளாவது பார்த்திருக்க வேண்டும், ஒரு முழுநாள் தேர்வும் உண்டு. சான்றிதழ் இல்லாத நல்லவர்களும் இருக்கிறார்கள். ஆனால் "எல்லாம் பண்ணுவோம்" என்று வீட்டுப் பத்திரம், விவாகரத்து, விபத்து வழக்கு, உயில் நான்கையும் ஒரே பலகையில் எழுதியிருப்பவரிடம் பெற்றோர் விஷயத்தைக் கொண்டுபோகாதீர்கள்.

நான் அப்படித்தான் கொண்டுபோனேன். வீடு வாங்கியபோது பத்திரம் பார்த்தவர், பழகியவர், கட்டணமும் குறைவு. அப்பா கிரீன் கார்டில் வந்த வருஷம் அவரிடமே அப்பாவுக்கு உயில் எழுதினோம். நான்கு பக்கம், அழகாக பைண்டு செய்து கொடுத்தார். இரண்டு வருஷம் கழித்து அம்மாவுக்காக ஒரு எல்டர் லா அட்டர்னியைப் பார்க்கப் போனபோது அந்த உயிலை அவர் புரட்டினார். முதல் பத்தியிலேயே விரலை வைத்து, "இந்தியாவில் இவருக்கு உயில் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். இருந்தது. கும்பகோணம் சப்ரிஜிஸ்டிரார் ஆபீஸில் பதிவு செய்தது, நிலத்தையும் வீட்டையும் எனக்கும் தம்பிக்கும் அப்பா பார்த்துப் பார்த்துப் பிரித்து எழுதியது. அவர் விரல் வைத்த வரியில், "இதற்கு முன் எழுதிய எல்லா உயில்களையும் ரத்து செய்கிறேன்" என்று இருந்தது. இங்கே எல்லா உயிலிலும் வழக்கமாக வரும் வரிதான். ஆனால் அந்த ஒரு வரியில் கும்பகோணம் உயில் போய்விட்டது. நல்லவேளை, அப்பா அப்போது தெளிவாக இருந்தார். ஊருக்குப் போய் இரண்டு சாட்சிகளோடு புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவந்தார். இங்கத்திய உயிலில் "அமெரிக்காவில் உள்ள சொத்துக்கு மட்டும்" என்று சேர்த்தோம். அடுத்த கார்த்திகையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது.

அதனால் முதல் சந்திப்பில் உங்கள் கேள்விக்கு வக்கீல் சொல்லும் பதிலைவிட, அவர் உங்களைக் கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். வெளிநாட்டில் சொத்து, உயில் உண்டா? பெற்றோர் எந்த விசாவில், எந்தத் தேதியில் வந்தார்கள்? கடைசி 5 வருஷத்தில் யாருக்கு என்ன கொடுத்தார்கள்? உங்களுக்கு ஊர் திரும்பும் எண்ணம் உண்டா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்பவர் மிகக் குறைவு. கோயம்புத்தூருக்கே திரும்பிப்போய் அங்கே நிலையாகத் தங்கிவிட்ட, குடியுரிமை இல்லாதவர் இங்கே பங்குகளை வைத்துக்கொண்டு இறந்தால், மத்திய அரசின் எஸ்டேட் வரியில் விலக்கு வெறும் 60,000 டாலர்தான். அதற்கு மேல் 40 சதவீதம் வரை போகும். இங்கே வாழ்பவருக்கு 2025இல் அந்த விலக்கு 1 கோடியே 39 லட்சத்து 90 ஆயிரம் டாலராக இருந்தது. முஸ்லிம் குடும்பங்கள் தங்கள் பங்கீட்டு முறையையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நல்ல எல்டர் லா வக்கீல் உங்களைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்வார். வருத்தப்படாதீர்கள். பணம் நீங்கள் கொடுத்தாலும் கட்சிக்காரர் உங்கள் அம்மா. எங்கள் வக்கீல் போனில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு அம்மாவிடம் முக்கால் மணி நேரம் தனியாகப் பேசினார். நினைவிழந்தால் என்ன சிகிச்சை, யார் முடிவெடுப்பது என்று எழுதி வைக்கும் மருத்துவப் படிவத்தில், மூச்சுவிடக் குழாயும் உணவு செலுத்தக் குழாயும் வேண்டாம், முடிவை மகள் எடுக்கட்டும் என்று இருந்தது. தம்பியைத்தான் சொல்வார் என்று நான் நினைத்திருந்தேன். என்னிடம் அம்மா ஒருநாளும் பேசாத பேச்சு அது.

அந்த மருத்துவப் படிவம் வயதானவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஃப்ளோரிடாவில் டெர்ரி ஷைவோ 1990இல் நினைவிழந்தபோது அவருக்கு வயது 26. எழுதி வைத்தது எதுவும் இல்லை. கணவருக்கும் பெற்றோருக்கும் நடந்த வழக்கு 2005இல் அவர் இறக்கும்வரை ஓய்ந்தபாடில்லை.

கூடவே பவர் எழுத வேண்டும். ஊரில் பவர் கொடுப்பது என்றால் மனை விற்பதற்கு. 1872ஆம் வருஷ ஒப்பந்தச் சட்டப்படி, கொடுத்தவருக்குப் புத்தி பேதலித்தால் அந்த அதிகாரம் முடிந்துவிடும். இங்கே டியூரபிள் பவர் என்று எழுதினால், அவர் நினைவிழந்த பிறகும் செல்லும். அப்பா பேச முடியாமல் கிடந்த ஏழு மாதமும் அவர் வங்கிக் கணக்கை நான் நடத்தியது அதை வைத்துத்தான். தம்பிக்கு அப்பா கொடுத்திருந்த ஊர்ப் பவரால் அந்த மாதங்களில் ஒன்றும் செய்யமுடியவில்லை. இந்தியச் சொத்துக்கு அங்கத்திய வக்கீல் ஒருவரையும் வைத்துக்கொண்டு, இருவரையும் ஒரு மின்னஞ்சலிலாவது அறிமுகப்படுத்திவிடுங்கள்.

இலவச இரவு உணவு போட்டு டிரஸ்ட் கருத்தரங்கு நடத்துபவர்களிடமும், சங்க விழாவில் மேசை போட்டு அன்யூட்டி என்ற இன்ஷூரன்ஸ் ஓய்வூதியத் திட்டத்தோடு உயிலையும் சேர்த்து விற்பவர்களிடமும் அன்றே கையெழுத்திடாதீர்கள். கட்டணம் மொத்தத் தொகையா, மணிக் கணக்கா என்று எழுத்தில் வாங்குங்கள். மெடிகெய்டு விண்ணப்பம் அதில் சேருமா, தனியா என்றும் கேளுங்கள். கையில் பணம் இல்லையென்றால் உங்கள் கவுன்ட்டியின் முதியோர் அலுவலகத்தைக் கூப்பிடுங்கள். 1965ஆம் வருஷ முதியோர் சட்டத்தின் கீழ் 60 வயதானவர்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு.

போகும்போது எடுத்துப்போக வேண்டியவை: பெற்றோரின் பாஸ்போர்ட், கிரீன் கார்டு, நீங்கள் கையெழுத்திட்ட ஐ-864 நகல், ஊர்ப் பத்திரங்களின் நகல், ஊர் உயில் இருந்தால் அதன் நகல், ஐந்து வருஷ வங்கி அறிக்கை, இன்ஷூரன்ஸ், 401கே வாரிசுப் படிவங்கள். பெயர் எழுத்துகளை ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் அப்பாவின் பாஸ்போர்ட்டில் தாத்தா பெயர் முழுதாக இருந்தது, பத்திரத்தில் வெறும் இனிஷியல். இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் போட வேண்டியிருந்தது.