தான்சானியாவில் மிஷனெரிக் குடும்பமாக வாழ்வது: வீட்டையும் நட்பையும் பேணும் வழிகள்

ஆப்பிரிக்காவிற்கு ஊழியத்திற்காகப் புறப்படும் குடும்பங்கள் தடுப்பூசி, குடியிருப்பு அனுமதி, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றை ஒன்று விடாமல் தயார் செய்துகொள்கின்றன. அடுத்த வீட்டாரோடு எப்படிப் பழகுவது என்பதை மட்டும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகின்றன. எங்கள் குடும்பமும் அப்படித்தான் புறப்பட்டது. ஆனால் பணித்தளத்தில் ஒரு குடும்பம் நிலைப்பதும் பாதியில் திரும்புவதும் பெரும்பாலும் இந்த அன்றாடப் பழக்கத்தில்தான் முடிவாகிறது என்பது, தான்சானியாவின் மொரோகோரோ பகுதியில் வாழ்ந்த பிறகு எனக்கு ஏற்பட்ட துணிபு. ஆப்பிரிக்கக் கண்டத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. ஒரு நாட்டு வழக்கம் இன்னொன்றுக்கு அப்படியே பொருந்தாது. ஆகவே சுவாஹிலி பேசும் தான்சானியாவை வைத்தே எழுதுகிறேன். வேறு நாட்டிற்குச் செல்வோர் இதிலுள்ள கேள்விகளை எடுத்துக்கொண்டு விடைகளை அந்த ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

முதலில் மொழி, அதுவும் இருவருக்கும்

கணவர் மொழிப் பயிற்சிக்குப் போவார், மனைவி வீட்டையும் பிள்ளைகளையும் கவனிப்பார் என்ற ஏற்பாட்டை முதல் நாளே கைவிடுங்கள். ஆறு மாதத்தில் கணவருக்குச் சபையும் நண்பர்களும் வாய்த்துவிடும். மனைவிக்கோ சந்தையில் விலை கேட்கும் அளவுக்குமேல் வார்த்தை இருக்காது. அந்த ஊமைத் தனிமை பிறகு குடும்பச் சண்டையாக வெளிப்படும்போது, அதன் காரணம் மொழி என்று இருவருக்குமே புரிவதில்லை. காலையில் ஒருவரும் மாலையில் ஒருவரும் என முறை வைத்தாவது இருவரும் சேர்ந்தே படியுங்கள்.

இலக்கணத்திற்கு முன் வணக்கம் சொல்லப் பழகுங்கள். வயதில் மூத்தவரைக் கண்டால் இளையவர் ‘ஷிகாமூ’ என்பார். மூத்தவர் ‘மராஹபா’ என்று பதில் சொல்வார். உங்கள் கால்களைப் பிடிக்கிறேன் என்ற பொருளிலிருந்து வந்த சொல் என்று ‘ஷிகாமூ’வுக்கு விளக்கம் சொல்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அதைப் புரியவைப்பது கடினமன்று. அதன்பின் வீடு எப்படி, வேலை எப்படி, பிள்ளைகள் எப்படி என்று ஒவ்வொன்றாக நலம் விசாரித்த பிறகே வந்த காரியத்தைப் பேச வேண்டும். கடைக்காரரிடம் நேராக ‘சர்க்கரை இருக்கிறதா?’ என்று கேட்பவர் அவசரக்காரராகத் தோன்றமாட்டார், வளர்ப்புச் சரியில்லாதவராகவே தோன்றுவார்.

பெயர்களும் மாறும். பெற்றோரை அவர்களுடைய பிள்ளையின் பெயரோடு சேர்த்து ‘மாமா இன்னார்’, ‘பாபா இன்னார்’ என்று அழைப்பார்கள். சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா. இதைக் கேட்ட எங்கள் மகன் ஒரு வாரம் சிரித்துக்கொண்டே இருந்தான்.

மணி சொல்வதில்தான் நாங்கள் பெரிதாக இடறினோம். சுவாஹிலி மணிக்கணக்கு சூரிய உதயத்திலிருந்து தொடங்குகிறது. நமக்குக் காலை 7 மணி என்பது அவர்களுக்கு முதல் மணி. கடிகாரம் காட்டும் எண்ணுக்கும் வாயால் சொல்லும் எண்ணுக்கும் ஆறு மணி நேர வேறுபாடு. ஒரு சனிக்கிழமை இரவு 7 மணி விருந்துக்குச் சபை மூப்பர் ஒருவரின் குடும்பத்தை அழைத்தபோது, ஏழு என்ற எண்ணை வைத்து ‘ஸா சபா’ என்று சொல்லிவிட்டேன். அது பகல் 1 மணி. அவர்கள் ஐந்து பேரும் ஞாயிற்றுக்கிழமை உடையில் சரியாக 1 மணிக்கு வாசலில் நின்றார்கள். நாங்கள் முற்றத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். நேரம் குறிக்கும்போது காலையா பகலா இரவா என்பதையும் சேர்த்துச் சொல்லி, எதிரில் இருப்பவரைத் திருப்பிச் சொல்லவைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

வாசலில் கேட்கும் குரல்

முன்னறிவிப்பு இல்லாமல் வருவதே அங்கே இயல்பு. வாசலுக்கு வெளியே நின்று ‘ஹோடி’ என்பார்கள். ‘கரிபு’ என்று நீங்கள் சொன்ன பிறகே உள்ளே வருவார்கள். எழுதிக்கொண்டிருந்த பிரசங்கத்தை மூடி வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள். உட்காரவைத்து, அவர்கள் சாய் என்றே சொல்லும் தேநீரையாவது கொடுங்கள். வந்தவர் ஒரு மணி நேரம் காரணமே சொல்லாமல் உட்கார்ந்திருக்கலாம். அதைக் கண்டு சலித்துக்கொள்ளாதீர்கள்.

புதியவர்கள் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. விருந்தினர் விடைபெறும்போது கதவருகே நின்று கையசைத்துவிட்டுத் திரும்பக் கூடாது. அவரோடு கொஞ்ச தூரம் நடந்து வழியனுப்ப வேண்டும். ‘குசிண்டிகிசா’ என்று அதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் மழையையும் மக்காச்சோளத்தையும் பற்றிப் பேசியவர், தெருமுனை மாமரத்தடியில்தான் மகளின் காய்ச்சலையோ கணவர் வேலை இழந்ததையோ சொல்வார். முதல் ஆண்டில் நான் அந்த மாமரம் வரை நடக்கவில்லை. எத்தனை பேர் வந்த காரியத்தைச் சொல்லாமலே போனார்களோ தெரியாது.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நாம் சொல்வதைப்போல, விருந்தினரை இரண்டு நாள் விருந்தினராக நடத்து, மூன்றாம் நாள் கையில் மண்வெட்டியைக் கொடு என்று ஒரு சுவாஹிலிப் பழமொழி உண்டு. வெளிநாட்டார் தமக்குரிய இரண்டு நாளை இருபது ஆண்டுகளாக நீட்டிக்கொள்வதை அங்கே பார்த்திருக்கிறேன். நடவு நேரத்திலோ கல்யாணச் சமையலிலோ ஏதாவது ஒரு வேலையை உங்கள் கையில் கொடுக்கிறார்கள் என்றால், மரியாதை குறைந்துவிட்டதாக எண்ணாதீர்கள். மூன்றாம் நாள் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

கொடுப்பதும் வாங்குவதும்

பணம் கேட்டு வருபவர்களைப் பற்றிப் புதிய மிஷனெரிகள் கேட்பதைப்போல வேறு எதைப் பற்றியும் கேட்பதில்லை. கணவனும் மனைவியும் முன்கூட்டியே உட்கார்ந்து, மாதத்திற்கு இவ்வளவு ஷில்லிங் என்று ஒதுக்கி, மருத்துவத்திற்கு உடனே கொடுப்பது, பள்ளிக் கட்டணத்தைப் பள்ளியிலேயே செலுத்துவது, கடன் கேட்பவருக்குத் திரும்பி வராவிட்டாலும் நட்பு கெடாத அளவுக்கு மட்டும் கொடுப்பது என்று ஏதாவது ஒரு முறையை வகுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மறுத்ததை மற்றவர் இரகசியமாகக் கொடுப்பது வீட்டிற்குள்ளும் வெளியிலும் தீராத தொல்லை. பெரிய தொகை என்றால் உள்ளூர்ப் போதகரையோ மூப்பரையோ கலந்து பேசுங்கள். கேட்பவரின் நிலைமை அவர்களுக்குத் தெரியும்.

கொடுப்பதை எல்லாரும் எப்படியோ கற்றுக்கொள்கிறார்கள். வாங்கிக்கொள்வதுதான் கடினம். எங்கள் அடுத்த வீட்டில் ஒரு முதிய பெண்மணி இருந்தார். பீபி, அதாவது பாட்டி, என்றே அழைத்தோம். ஒருமுறை இரவில் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். பத்து நாள் கழித்து, கால்களை வாழைநாரால் கட்டிய ஒரு கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். அவரிடம் இருந்ததே நான்கைந்து கோழிகள் என்பதால், அன்போடுதான், வேண்டாம் என்று திருப்பி அனுப்பினோம். அதன்பின் இரண்டு மாதம் அவர் எங்கள் வாசலில் ‘ஹோடி’ சொல்லவில்லை. ஒரு மூப்பர்தான் விளக்கினார்: கோழியை மறுத்ததன்மூலம், உன்னிடமிருந்து எனக்கு எதுவும் தேவைப்படாது என்று நாங்கள் அவரிடம் சொல்லியிருந்தோம். என் மனைவி அடுத்த நாளே வெறுங்கிண்ணத்தோடு போய், உப்பு தீர்ந்துவிட்டது, கொஞ்சம் தாருங்கள் என்று கேட்டாள். வீட்டில் உப்பு இருந்தது என்பதைப் பீபியும் அறிந்திருப்பார் என்றே நினைக்கிறேன்; கிண்ணம் நிரம்பத் தந்தார். அன்றிலிருந்து வாரம் ஒரு பொருளையாவது கடன் கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டோம். நீங்களும் கேளுங்கள்: ஏணி, உரல், குழம்பு வைக்கும் முறை, மகனுக்குச் சைக்கிள் கற்றுத்தர ஓர் ஆள். ஊருக்குக் கொஞ்சம் கடன்பட்டவராக இருங்கள்.

கல்யாணத்திற்கும் சாவுக்கும் ஊர் கூடிப் பணம் சேர்க்கும்போது உங்கள் பங்கைக் கொடுங்கள். மற்றவர் வெட்கப்படும் அளவுக்குப் பெரிய தொகையைக் கொடுக்காதீர்கள். துக்க வீட்டிற்குக் கட்டாயம் போங்கள். பெண்கள் பாயில் உட்கார்வார்கள், ஆண்கள் வெளியே பெஞ்சுகளில் இருப்பார்கள். ‘போலே சானா’ என்று சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். பிரசங்கம் செய்ய வேண்டாம்.

பிள்ளைகள்

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சுவாஹிலியிலும், இடைநிலைப் பள்ளியில் ஆங்கிலத்திலும் கற்பிக்கிறார்கள். சிறு பிள்ளைகளை ஓரிரு ஆண்டுகளாவது ஊர்ப் பள்ளியில் சேர்த்தால், பெற்றோரைவிட விரைவாக மொழியும் நண்பர்களும் அவர்களுக்குக் கிடைப்பார்கள். ஆனால் ஒரே வகுப்பில் மிகுதியான மாணவர் இருக்கலாம், தண்டிக்கும் முறையும் மாறுபடலாம் என்பதால், சேர்க்குமுன் வகுப்பறையில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். வீட்டுக்கல்வி படிப்பைக் காப்பாற்றும், நண்பர்களைத் தராது. கென்யாவின் கிஜாபேயில் 1906ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ரிஃப்ட் வேலி அகாடமி போன்ற மிஷனெரிப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிகளும் உண்டு. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளையை ஊழியத்தின் வசதிக்காக விடுதிக்கு அனுப்புவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. இதில் என்னோடு உடன்படாத நல்ல பெற்றோரும் இருக்கிறார்கள்.

1950களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆய்ந்த சமூகவியலாளர் ரூத் யூசீம், இப்படி வளரும் பிள்ளைகளை மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள் என்று குறிப்பிட்டார்: பெற்றோரின் ஊரும் முழுக்கச் சொந்தமில்லை, வளரும் ஊரும் முழுக்கச் சொந்தமில்லை. விடுமுறையில் தாயகம் திரும்பும்போது உறவினர் முன் நிறுத்தி, சுவாஹிலியில் பாடு என்று அவர்களைக் காட்சிப்பொருளாக்காதீர்கள். அதே கண்ணியத்தை அங்குள்ள பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். ஆதரவாளருக்கு அனுப்பும் ஜெபக் கடிதத்தில் உங்கள் மகளின் தோழியைக் கிழிந்த சட்டையோடு படம்பிடித்துப் போட்டால், அவளுடைய தாய் ஒரு நாள் அதைக் கைபேசியில் பார்ப்பாள். நண்பரைப் பற்றி எழுதுமுன் அவரிடமே வாசித்துக் காட்டுங்கள். வாசித்துக் காட்ட முடியாத வரியை நீக்கிவிடுங்கள்.

உடலும் ஓய்வும்

1844இல் கென்யக் கடற்கரையிலுள்ள மொம்பாசாவிற்கு வந்த மிஷனெரி கிராப், சில மாதங்களிலேயே மனைவி ரோசினையும் பிறந்த பெண் குழந்தையையும் காய்ச்சலில் பறிகொடுத்தார். இன்று மருந்து இருக்கிறது, அலட்சியமும் இருக்கிறது. மலேரியா பரப்பும் கொசு அந்தி முதல் விடியல் வரை கடிப்பதால், மருந்திட்ட வலையை வெப்பமான இரவிலும் கட்டுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் அன்றே இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நாடு திரும்பிச் சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தாலும் எங்கிருந்து வந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வாரத்தில் ஒரு மாலையைக் குடும்பத்திற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு உங்களுக்கு வேலை நாள் என்பதால் அது கணக்கில் சேராது. எங்களுக்குத் திங்கள் மாலை. ‘திங்கட்கிழமை பிள்ளைகளோடு இருக்கிறார்கள்’ என்று அண்டை வீட்டார் விரைவிலேயே தமக்குள் சொல்லிக்கொண்டார்கள். குடும்பத்தை மதிக்கும் ஊரில் அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. வீட்டு வேலைக்கு உதவ ஒருவரை வைத்துக்கொண்டால், அவரை ‘தாதா’, அதாவது அக்கா, என்று அழைப்பார்கள். அழைப்பது அக்கா என்றாலும் சம்பளம், விடுப்பு, மருத்துவச் செலவு ஆகியவற்றை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற மிஷனெரிக் குடும்பங்களோடும் நட்பு வேண்டும். தாய்மொழியில் குறைப்பட்டுக்கொள்ள ஓர் இடம் தேவைதான். ஆனால் அவர்கள் ஓரிரு ஆண்டுகளில் இடம் மாறிப் போவார்கள், பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் அழுவார்கள். அந்த அழுகையைச் சமாதானம் சொல்லி அவசரமாக முடிக்காதீர்கள்.

நீங்களே புறப்படும் நாள் வந்தால், ஒரு மாதத்திற்கு முன்பே ஊருக்குத் தெரிவியுங்கள். மனத்தாங்கல் உள்ளவர்களைத் தனித்தனியே போய்ப் பாருங்கள். கடன் வாங்கிய ஏணியையும் கிண்ணத்தையும் அவரவரிடம் சேர்த்துவிடுங்கள். வாடகைக் காரை வீட்டு வாசலுக்கு வரச் சொல்லாமல், பெரிய சாலையில் நிறுத்தச் சொல்லுங்கள். உங்களோடு நடந்து வந்து வழியனுப்ப அவர்கள் வெளியே காத்திருப்பார்கள்.