டெல்லிக்கு இரண்டே முக்கால் மணி நேரம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்

பெங்களூரில் டிக்கெட் போடும் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள், எங்கள் தலைமுறை கைசுட்டுக்கொண்ட அதே இடங்களில்தான் இன்றும் கைவைக்கிறார்கள். பெயரில் எழுத்துப்பிழை போன்றவற்றை அவர்களே சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

தூரத்தை வைத்து நேரத்தைச் சொல்வது

பெங்களூரிலிருந்து வான்வழியே டெல்லி சுமார் 1,700 கி.மீ.; சென்னை 300 கி.மீ.க்கும் குறைவு. ஆனால் அட்டவணையில் டெல்லிக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் என்றால், சென்னைக்கே ஒரு மணி நேரம் ஆகிறது. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் மறு ஊரில் நிறுத்துமிடத்தை அடைவது வரை கணக்கிடப்படுவதால், ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் வரிசையில் நிற்பதும் எவ்வளவு குறுகிய பயணத்திலும் சேர்ந்துவிடுகின்றன. பெங்களூரின் நடுவே இருக்கும் அல்சூர்க்காரர் தேவனஹள்ளி விமான நிலையம் வரை போய், மீனம்பாக்கத்தில் இறங்கி, பாரிமுனையை அடைவதற்குள் வந்தே பாரத் அவரைச் சென்ட்ரலில் இறக்கிவிட்டிருக்கும்.

கடிகாரங்களைக் கழிப்பது

இரவு 11 மணிக்குப் புறப்பட்டுக் காலை 6 மணிக்குச் சிங்கப்பூரில் இறங்கும் விமானம் பறப்பது நாலரை மணி நேரம்தான். அங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது.

இரண்டு தனி டிக்கெட்டுகளை ஒரே பயணமாக எண்ணுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஒரு ஜனவரியில், மகளின் பிரசவத்துக்காகப் பிராங்பர்ட் கிளம்பிய வயதான தம்பதிக்கு, விலை குறைகிறது என்று ஒரு பையன் டெல்லி வரை ஒரு நிறுவனத்திலும் அங்கிருந்து வேறொன்றிலும் தனித்தனியாக டிக்கெட் போட்டுக் கொடுத்திருந்தான். இரவு 9 மணிக்கு இறங்கி 1 மணிக்கு ஏற வேண்டும், நான்கு மணி நேரம் தாராளம் என்பது அவன் கணக்கு. ஜனவரியில் டெல்லியின் காலை மூடுபனி மாலை வரை துரத்தும் என்பதும், காலையில் அங்கே சிக்கிய விமானமே சுற்றிச் சுற்றிப் பெங்களூருக்குத் தாமதமாக வந்து இவர்களை ஏற்றிக்கொள்ளும் என்பதும் அந்தக் கணக்கில் இல்லை. பதினொன்றரைக்கு முதல் முனையத்தில் இறங்கி, பெட்டிகள் வரும்வரை நின்று, டாக்சி பிடித்து மூன்றாம் முனையத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, கவுன்டரின் மேலிருந்த திரையில் அடுத்த விமானத்தின் எண் ஓடிக்கொண்டிருந்தது. டெல்லியில் இறக்கியதோடு தன் கடமை முடிந்தது என்றது முதல் நிறுவனம். வராத பயணிக்கு அடிப்படைக் கட்டணம் திரும்பக் கிடையாது என்றது இரண்டாவது. விதிப்படி இருவரும் சொன்னது சரி என்பதுதான் இதில் கொடுமை.

ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், இருந்திருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்தின் தலையில் விழுந்திருக்கும். தனித்தனியாகத்தான் போட வேண்டும் என்று பயணி பிடிவாதம் பிடித்தால், குளிர்காலத்தில் முந்தின நாளே டெல்லி போய்த் தங்கும்படி சொல்லுங்கள். அறை வாடகையையும் சேர்த்தே விலையை ஒப்பிட்டுக் காட்டுங்கள்.

போகும் நேரமே வரும் நேரம் என்பது

மேற்கிலிருந்து வீசும் காற்றை எதிர்த்துப் பறப்பதால், லண்டன் போவதற்குத் திரும்பி வருவதைவிட அதிக நேரம் ஆகும்.

நள்ளிரவுத் தேதி

15ஆம் தேதி 00:20 என்றால் 14ஆம் தேதி இரவே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று டிக்கெட்டின் மேல் பேனாவால் எழுதிக் கொடுங்கள்.