தலைசுற்றலோடு நடக்கப் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) இருப்பது தெரிந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் என்ற உறையை, உடலின் எதிர்ப்பாற்றலே அரித்துவிடும் நோய் அது. எனக்கு மூளைத்தண்டிலும் சிறுமூளையிலும் தழும்புகள் விழுந்ததால், தலைசுற்றலும் தள்ளாட்டமும் முழுவதுமாக நீங்கியதே இல்லை. செங்கோட்டையிலிருந்து மலையைக் கடந்து ஆண்டுக்கு இருமுறை திருவனந்தபுரத்துக்குப் பரிசோதனைக்குப் போகிறேன். தென்காசி, புளியரை, களியக்காவிளைப் பக்கத்துத் தமிழர்கள் நாலைந்து பேராவது அங்கே காத்திருப்பார்கள். நோய் புதிதாகத் தெரியவந்தவர்களோடு பேசும்போதெல்லாம், முதல் இரண்டு ஆண்டுகளில் நான் செய்தவற்றையே அவர்களும் செய்துகொண்டிருப்பதைக் காண்கிறேன். சென்ற முறை புளியரையிலிருந்து வந்திருந்த ஓர் இளம்பெண்ணைப் பார்த்த பிறகு, இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. படிக்கட்டில் பார்த்து இறங்குவது, ஈரத்தரையில் மெல்ல நடப்பது போன்றவற்றை வீட்டில் எல்லோரும் சொல்லியிருப்பார்கள் என்பதால், அவற்றை விட்டுவிடுகிறேன்.

மருத்துவரிடம் ‘மயக்கம்’ என்று மட்டும் சொல்வது

தமிழில் தலைசுற்றலையும் மயக்கம் என்கிறோம். கண் இருட்டிக்கொண்டு வருவதையும், நினைவிழந்து விழுவதையும் அதே சொல்லால்தான் குறிக்கிறோம். மலையாளத்தில் மயக்கம் என்றால் கண்ணயர்வு, அரைத்தூக்கம். நான் முதன்முதலில் பார்த்த மருத்துவர் மலையாளி. ‘எந்நேரமும் மயக்கமாகவே இருக்கிறது’ என்று சொன்னேன். இரவில் எத்தனை மணிக்குப் படுக்கிறேன், பகலில் தூங்குகிறேனா என்று அவர் அக்கறையோடு கேட்டார். நானும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, உறக்கம் பற்றிய அறிவுரைகளுடன் ஊர் திரும்பினேன். இருவரும் இரண்டு வேறு நோய்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம் என்பது எனக்கு வெகுநாள் கழித்தே விளங்கியது.

அறை சுழல்வது ஒன்று. படுக்கையிலிருந்து எழுந்து நிற்கும்போது கண் இருட்டுவது வேறொன்று. அங்கே இரத்த அழுத்தத்தைப் படுத்த நிலையிலும், எழுந்து நின்ற பின் 3 நிமிடங்களுக்குள்ளும் அளந்து பார்க்க வேண்டும். தலையில் சுற்றலே இல்லாமல் நடை ஒரு பக்கமாக இழுப்பது மூன்றாவது. ‘தலகறக்கம்’ என்று சொன்னால் மலையாள மருத்துவருக்குச் சுற்றல் என்பது புரியும். ஆனால் பெயரைவிட, எதைச் செய்யும்போது வருகிறது, நொடிகளில் நிற்கிறதா, மணிக்கணக்கில் நீடிக்கிறதா என்பவைதான் அவருக்குப் பயன்படும். அவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

மாத்திரையைப் போட்டுக்கொண்டு தலையை அசைக்காமல் இருப்பது

அந்தப் புளியரைப் பெண்ணை நான் பின்னாலிருந்து கூப்பிட்டேன். அவள் தலையைத் திருப்பவில்லை; தோளோடு சேர்த்து உடம்பு முழுவதையும் திருப்பினாள். அதைக் கண்டவுடனே அவள் கைப்பையில் என்ன மாத்திரை இருக்கும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. ‘இதைப் போட்டால்தான் டீச்சர் நடமாடவே முடியுது’ என்று அட்டையை எடுத்துக் காட்டினாள். ஒன்பது வாரங்களாகப் போட்டுக்கொண்டிருக்கிறாள். இதைப் பற்றி நினைக்கும்போது இன்றும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை. ஏனெனில் இந்த ஒரு தவறால் நான் 14 மாதங்களை இழந்தேன், வலக்கை மணிக்கட்டையும் முறித்துக்கொண்டேன்.

முதல் தாக்குதலின்போது அறை சுழன்று, ஓயாமல் வாந்தி எடுத்தேன். சின்னரிசின் மாத்திரையை ஐந்து நாள்களுக்கு எழுதித் தந்தார்கள், சுற்றல் தணிந்தது. ஆறாம் நாள் இலேசாக அசைவது போலிருந்ததும், காலி அட்டையை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன். சீட்டைக் கேட்காமலே கொடுத்தார்கள். அன்றிலிருந்து காலையில் ஒன்று, இரவில் ஒன்று. அதோடு, யாரும் சொல்லாமலே இன்னொரு பத்தியத்தையும் நானாகத் தொடங்கினேன்: தலையை அசைப்பதில்லை. கரும்பலகையில் எழுதிவிட்டு உடம்போடு திரும்பினேன். பரண் பக்கம் நிமிர்ந்து பார்ப்பதை நிறுத்தினேன். வீட்டில் எனக்கு வேண்டிய பொருள்களையெல்லாம் இடுப்பு உயரத்தில் எடுத்து வைத்தார்கள். அசையாமல் இருந்த நேரமெல்லாம் நலமாக இருந்தது. ஆனால் மாதங்கள் போகப்போக முதலில் பேருந்துப் பயணம் முடியாமல் போனது, பிறகு சந்தைக்குப் போக முடியவில்லை, கடைசியில் பள்ளி வராந்தாவைக் கடப்பதே பாடாகிவிட்டது. நோய் முற்றுகிறது என்று நம்பினேன்.

பதின்மூன்றாம் மாதத்தில் ஒரு நாள், வாசலில் நின்றபோது பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். ஓராண்டுக்கும் மேலாகக் காத்துவந்த கட்டுப்பாடு ஒரு கணம் மறந்துபோய், சட்டென்று தலையைத் திருப்பினேன். நிலைப்படியில் விழுந்தேன். அதற்குப் பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் புதிய தழும்பு ஒன்றுகூட இல்லை. நான் விழுங்கிவரும் மாத்திரைகளின் பட்டியலைக் கேட்ட நரம்பியல் மருத்துவர், அதில் ஒன்றின் கீழே கோடிட்டார்.

இதன் காரணத்தைப் புரிந்துகொண்டால் தவற்றை மறுபடியும் செய்ய மாட்டீர்கள். நம் சமநிலைக்கான செய்தி மூன்று இடங்களிலிருந்து வருகிறது: பக்கத்துக்கு மூன்றாக உட்செவியில் உள்ள அரைவட்டக் குழாய்கள், கண்கள், பாதங்களும் மூட்டுகளும். மூளைத்தண்டும் சிறுமூளையும் இவற்றை ஒன்றோடொன்று ஒத்துப் பார்க்கின்றன. ஒத்துப் போகாதபோது அதைத் தலைசுற்றலாக உணர்கிறோம். ஆனால் அந்த ஒத்துப்போகாமைதான் மூளைக்குப் பாடம். தலை திரும்பும்போது காட்சி வழுக்குவதை ஒவ்வொரு முறையும் கண்டுகொண்டு, மூளை தன் கணக்கைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்கிறது. சின்னரிசின், புரோகுளோர்பெரசின் போன்ற மருந்துகள் அந்த உணர்வை மழுக்குகின்றன. வாந்தியோடு புரளும் முதல் இரண்டு மூன்று நாள்களில் அது பெரிய உதவிதான். அதற்குப் பிறகும் தொடர்வது, பாடம் நடக்கும் வேளையில் பிள்ளையைத் தூங்க வைப்பதற்குச் சமம். தலையையும் அசைக்காமல் இருந்தால் பாடமே நடப்பதில்லை.

முதியவர்களுக்கு இன்னொரு கேடும் உண்டு. இந்த மருந்துகள் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுப்பதால், நீண்ட காலம் உட்கொள்பவர்களுக்குக் கைநடுக்கமும் கைகால் இறுக்கமும் மெதுநடையும் வரக்கூடும். பார்ப்பதற்குப் பார்க்கின்சன் நோய் போலவே இருக்கும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் குறையும், ஆனால் மாதக்கணக்கில் ஆகலாம்.

மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரையை விட்டபின், இயன்முறை மருத்துவர் ஒருவர் எனக்குப் பயிற்சி தந்தார். தலையில் அடிபட்டுச் சுற்றலால் அவதிப்பட்டவர்களுக்காக 1940-களில் இங்கிலாந்தில் காதோர்ன், குக்ஸி என்ற இரு மருத்துவர்கள் வகுத்த பயிற்சிகளின் வழியில் வந்தவை அவை. என் வீட்டில் அதற்குத் தேவைப்பட்ட ஒரே கருவி, சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டி. அதற்கு எதிரே நாற்காலியில் அமர்ந்து, தேதி எண்ணில் பார்வையை நிறுத்தி, ‘இல்லை’ என்று சொல்வதுபோல் தலையை வலமும் இடமுமாக ஒரு நிமிடம் அசைக்க வேண்டும். எண் கலங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். பிறகு மேலும் கீழுமாக. நாளுக்கு மூன்று வேளை. முதல் வாரம் குமட்டியது. அவர் சொன்ன அளவுகோல் இது: பயிற்சி முடிந்து 15 முதல் 20 நிமிடங்களுக்குள் சுற்றல் தணிந்துவிட வேண்டும், மணிக்கணக்கில் நீடித்தால் பயிற்சி மிகுதி, சிறிதும் சுற்றாவிட்டால் போதவில்லை. அடுத்து, இரண்டு சுவர்கள் கூடும் மூலையில், முன்னால் ஒரு நாற்காலியை வைத்துக்கொண்டு நின்றபடி. பின்னர் பாதங்களை ஒட்டி வைத்து. பின்னர் மடித்துப் போட்ட ஜமக்காளத்தின் மேல். நான்காம் மாத முடிவில், வகுப்பறைகளை இருபுறமும் பார்த்துக்கொண்டே பள்ளி வராந்தாவில் நடந்தேன்.

தழும்புகள் மறையவில்லை. காதில் மட்டும் குறை உள்ளவர்களுக்கு நடக்கும் அளவுக்கு, மூளையிலேயே நோய் உள்ளவர்களுக்கு இந்தத் திருத்தம் விரைவாகவோ முழுமையாகவோ நடப்பதில்லை. களைத்த நாள்களில் நான் இன்றும் தள்ளாடுகிறேன். இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். வேறு காரணத்துக்காக உங்களுக்கு அதைத் தந்திருக்கலாம். ‘எத்தனை நாளைக்கு?’ என்று எழுதித் தரும்போதே கேட்டு, முடியும் தேதியை அட்டையின் மேல் பேனாவால் எழுதிவிடுங்கள். புளியரைப் பெண்ணிடம் அன்று உள்ளே போனதும் அந்தக் கேள்வியையே முதலில் கேட்கச் சொன்னேன்.

எல்லாச் சுற்றலையும் பழைய நோயின் கணக்கில் எழுதுவது

நான்காம் ஆண்டில் ஒரு விடியற்காலை, படுக்கையில் வலப்பக்கம் புரண்டதும் அறை சுழன்றது. அரை நிமிடத்தில் நின்றது. மறுபடியும் புரண்டேன், மறுபடியும் சுழன்றது. நோய் திரும்பிவிட்டது என்று அஞ்சிப் பத்து நாள் படுத்தே கிடந்தேன். மருத்துவர் என் தலையை ஒரு பக்கம் திருப்பிச் சட்டென்று மல்லாத்திக் கண் துடிப்பைப் பார்த்தார். உட்செவியின் சுண்ணாம்புத் துகள்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் புகுந்திருக்கின்றன என்றார். எப்லி முறையில் தலையைப் படிப்படியாகத் திருப்பி அவற்றை வெளியேற்றினார்; அன்றே சரியாயிற்று. யாருக்கும் வரக்கூடிய இந்தச் சுற்றல், எம்.எஸ். உள்ளவர்களுக்கும் வரும்.

மறுபுறம், சுற்றலோடு பேச்சு குழறுவது, ஒரு பக்கம் வலுவிழப்பது, திடீரென்று இரட்டையாகத் தெரிவது, இதுவரை காணாத கடும் தலைவலி ஆகியவற்றில் ஒன்று சேர்ந்து வந்தாலும் அது பக்கவாதமாக இருக்கலாம். அப்போது அடுத்த பரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்காமல், உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

நின்றபடி கண்ணை மூடுவது

பாதங்களின் உணர்வு குறைந்தவர்களுக்குக் கண்களே ஊன்றுகோல். காலை ஒட்டி வைத்து நின்று கண்ணை மூடச் சொல்லி மருத்துவர்கள் பார்ப்பது, ரோம்பெர்க் என்ற ஜெர்மானிய மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டில் கண்டு சொன்ன சோதனை. அந்தச் சோதனையை நாம் அறியாமலே நாள்தோறும் செய்கிறோம்: முகத்தில் சோப்பு போடும்போது, தீபாராதனையின்போது கைகூப்பிக் கண்ணை மூடும்போது, இரவில் மின்சாரம் போனபின் கழிவறைக்கு எழும்போது. குளியலறையில் முக்காலி போட்டு உட்காருங்கள். சந்நிதியில் தூணில் சாய்ந்து நில்லுங்கள்; கண் திறந்தே வணங்கலாம். தலையணைக்கு அடியில் டார்ச் விளக்கு இருக்கட்டும். குற்றால அருவிக்கு நான் இப்போது போவதில்லை. நீர் தலையில் விழும்போது கண் தானாக மூடிக்கொள்கிறது, காலடியிலோ பாசி. சாரல் காலத்தில் உறவினர்கள் எவ்வளவு வருந்தி அழைத்தாலும், எட்ட நின்று பார்ப்பதோடு சரி.

வெந்நீரும் வெயிலும்

உடல் வெப்பம் சிறிது ஏறினாலும் உறை இழந்த நரம்பில் செய்தி தடுமாறும். 1890-இல் ஊட்டாஃப் என்ற கண் மருத்துவர் இதை முதலில் விவரித்தார். எண்ணெய் தேய்த்துச் சுடச்சுட வெந்நீரில் குளித்துவிட்டுக் கால் துவண்டு போகும் புதியவர்கள், நோய் திரும்பிவிட்டதாகக் கலங்குகிறார்கள். உடல் குளிர்ந்ததும் அது தணிந்துவிடும். காய்ச்சலோ தொற்றோ இல்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால்தான் மருத்துவரை அழைக்க வேண்டிய புதிய தாக்குதல்.

தண்ணீர் குடிப்பதைக் குறைப்பது

சிறுநீரை அடக்க முடியாத தொல்லை நம்மில் பலருக்கு உண்டு. அதற்கு அஞ்சிப் பயணத்துக்கு முன் தண்ணீரை விட்டுவிடுகிறோம்; பிறகு இறங்கும் இடத்தில் எழுந்து நின்றதும் அழுத்தம் குறைந்து கண் இருட்டுகிறது. சிறுநீர்த் தொல்லைக்குத் தனி மருத்துவம் இருக்கிறது. அதை வாய்விட்டுக் கேளுங்கள்.

கைத்தடியைத் தள்ளிப்போடுவது

குடித்துவிட்டு நடக்கிறார் என்று தெருவில் சொல்லக் கேட்டவர்கள் நம்மில் பலர். தடி இல்லாதபோதுதான் அப்படிச் சொல்கிறார்கள். தொங்கவிட்ட கையின் மணிக்கட்டு மடிப்பளவு உயரமுள்ள தடியை, வலுக்குறைந்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும்.

ரப்பர் செருப்பு

வேண்டாம். குதிகாலைப் பிடிக்கும் வார் உள்ளதை வாங்குங்கள்.

மது

சிறுமூளையை நேரே தாக்கும். ஒரு மிடறும் வேண்டாம்.

மலைப்பாதைப் பேருந்து

முன்னிருக்கையில் அமர்ந்து தொலைவில் பாருங்கள். புளியரை ஏற்றத்திலிருந்து ஆரியங்காவு தாண்டும்வரை அலைபேசியை எடுக்காதீர்கள்.