ரணகள்ளியை வேலிக்கு வெளியே வீசாதீர்கள்

தொட்டியில் வளர்க்கும் ரணகள்ளியைக் கழிக்கும்போது பூங்கொத்தை முதலில் வெட்டி, எல்லாவற்றையும் மூடிய பையில் கட்டுங்கள் அல்லது காயவைத்து எரித்துவிடுங்கள். மாடு மேயும் இடத்தில் கொட்டவே கூடாது. இதிலுள்ள பியூஃபாடையினோலைடு என்ற ஸ்டீராய்டு நஞ்சு இதயத் துடிப்பைக் குலைக்கும். இலையைவிடப் பூவில்தான் இது அதிகம், காய்ந்தாலும் போகாது. உதிர்ந்த ஒற்றை இலையே வேர்விட்டு முளைத்துவிடும் என்பதால் குப்பைமேட்டில் வீசுவதும் நடுவதும் ஒன்றுதான். பசியோடு வரும் மாடுதான் இதைக் கடிக்கும், பாவம்.

மாடு ஏற்கெனவே தின்றிருந்தால் இந்தக் குறிப்பு உதவாது. அதை நடக்க வைக்காமல், விரட்டாமல், உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். பால் வடியும் சதுரக்கள்ளி, திருகுகள்ளிக்கும் இது பொருந்தாது; அவற்றின் நஞ்சு வேறு.