ரிக்டரை எந்த வரிசையில் கேட்பது

என்னிடம் பியானோ பயிலும் பிள்ளைகளுக்கு சோவியத் பியானோ கலைஞர் ஸ்வியாதோஸ்லாவ் ரிக்டரின் பெயரைச் சொன்னதும், "எதில் தொடங்குவது?" என்ற கேள்விதான் முதலில் வரும். நியாயமான கேள்வி. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் மேடையில் இருந்த மனிதர். பதிவுகள் ஏராளம். ஒரே படைப்புக்கே நான்கைந்து உண்டு. ஸ்டூடியோ அவருக்கு ஒத்துவராத இடம் என்பதை மட்டும் முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கச்சேரியில் பதிவானதும் ஸ்டூடியோவில் பதிவானதும் கையில் இருந்தால் கச்சேரியையே எடுங்கள்.

1958 பிப்ரவரியில் பல்கேரியாவின் சோஃபியா நகரில் நடந்த கச்சேரிதான் நல்ல தொடக்கம். ஒலித்தரம் சுமார். அரங்கமே இருமுகிறது. கொஞ்ச நேரத்தில் காது பழகிவிடும். முசோர்க்ஸ்கியின் 'கண்காட்சிச் சித்திரங்கள்' முழுவதும் அதில் இருக்கிறது. ஓவியத்துக்கு ஓவியம் நடந்துபோகும் உலாவைப் பலரும் பெருமிதத்தோடு, ஆற அமர வாசிப்பார்கள். ரிக்டர் விறுவிறுவென்று நடக்கிறார், எங்கும் நின்று அழகு காட்டுவதில்லை. அங்கங்கே சுரம் தவறுகிறது, ஆனால் பிடி எந்த இடத்திலும் தளரவில்லை. அதே கச்சேரியில் இசையமைப்பாளர் லிஸ்டின் 'கொள்ளிவாய்ப் பிசாசுகள்' என்ற பயிற்சிப் படைப்பு வரும். வலக்கை இரண்டிரண்டு சுரமாக ஓட வேண்டும், அதுவும் மிக மெல்லிய ஒலியில். இதை அடித்து வாசிப்பது ஒரு மடங்கு கஷ்டம் என்றால் மெல்ல வாசிப்பது பத்து மடங்கு.

இந்தப் பதிவு மேற்கு நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தபோது ரிக்டர் அங்கே போயிருக்கவில்லை. 1915இல் ஷிட்டோமிரில் பிறந்து, ஒடெஸாவில் ஓபரா ஒத்திகைகளுக்குப் பியானோ வாசித்துப் பிழைத்து, 22 வயதில்தான் மாஸ்கோவில் பியானோ ஆசிரியர் நெய்ஹவுஸிடம் மாணவராகச் சேர்ந்தார். ஜெர்மானிய வம்சாவளியைச் சேர்ந்த தந்தையை 1941இல் சோவியத் அரசு சுட்டுக் கொன்றது. தாய் ஜெர்மனிக்குப் போய்விட்டார். 1960இல்தான் ரிக்டரை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள்.

அடுத்து ப்ரகோஃபியேவின் ஏழாவது சொனாட்டா, அதாவது பல பகுதிகள் கொண்ட தனிப் பியானோ படைப்பு. 1943 ஜனவரியில் அதை முதன்முதலாக அரங்கேற்றியவர் ரிக்டரே. நான்கு நாளில் பாடம் செய்ததாகச் சொல்லியிருக்கிறார். கடைசிப் பகுதி ஏழு எண்ணிக்கையில் ஓடுகிறது. மிஸ்ர சாபு தெரிந்த நம்மவர்களுக்கு இது எளிது என்று தோன்றும். ஆனால் நாம் 'தகிட தக திமி' என்று மூன்றில் தொடங்குகிறோம், இங்கே மூன்று நடுவில் உட்கார்ந்திருக்கிறது: 'தக தகிட தக'. தொடையில் தட்டிக்கொண்டே கேளுங்கள். முடிவு வரை ரிக்டர் அந்த நடையை நெகிழவிடுவதே இல்லை.

மூன்றாவதாக, வேறு வேலை எதுவும் இல்லாத ஓர் இரவில், ஷூபர்ட்டின் பி ஃபிளாட் சொனாட்டா (அவர் படைப்புகளின் பட்டியலில் டி. 960). 1828 நவம்பரில் இறந்துபோன ஷூபர்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பு முடித்தது. முதல் பகுதிக்கு மட்டும் ரிக்டர் எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 24 நிமிடம். 1957இல் மாஸ்கோவில் இதைக் கேட்ட கனடியப் பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் சொக்கிப்போனார். முதல் வாக்கியம் முடிந்ததும் இடக்கையின் அடித்தளத்தில் அடுத்தடுத்த இரண்டு சுரங்கள் மிக மெல்ல நடுங்கும். பிறகு நிசப்தம். அந்த நிசப்தத்தை ரிக்டர் அவசரப்பட்டு மூடுவதில்லை. அதே நடுக்கம் ஒரே ஒரு இடத்தில் மட்டும் பேரொலியாக வெடிக்கும்: அந்தப் பகுதியின் தொடக்கப் பாகத்தை மறுபடி வாசிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்னால். மறுமுறை வாசிக்காமல் மேலே போகும் கலைஞர்கள் அந்த ஸ்வரங்களை வாசிப்பதே இல்லை. பெரிய பெயர்கள்கூட அப்படிப் போயிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ரிக்டர் திரும்பி வாசிக்கிறார். அந்த வெடிப்புக்குப் பிறகு பழைய மெட்டு அமைதியாக மறுபடி வரும்போது அது பழைய மெட்டாக இருப்பதில்லை.

காணொளி வேண்டாம். கடைசிக் காலத்தில் அவர் அரங்கை இருட்டாக்கி, இசைத்தாளின் மீது ஒரே ஒரு விளக்கை வைத்துக்கொண்டு வாசித்தார். விரலையும் முகத்தையும் பார்ப்பது கேட்பதற்கு இடையூறு என்பது அவர் கருத்து. திரையை அணைத்துவிட்டு, நோட்டு வாசிக்கத் தெரிந்தவர்கள் தாளை முன்னால் விரித்துக்கொள்ளுங்கள்.

பீத்தோவன் பியானோவுக்கும் இசைக்குழுவுக்குமாக எழுதிய கான்செர்ட்டோக்களில் நான்காவதையும் ஐந்தாவதையும் தேடி அலைய வேண்டாம், அவர் வாசித்ததே இல்லை. 1970களின் தொடக்கத்தில் சால்ஸ்பர்க் அருகே ஒரு மாளிகையில் பதிவான பாக்கின் 48 முன்னிசை, ஃபியூக் ஜோடிகளைக் கடைசிக்கு வையுங்கள். ஃபியூக் என்பது ஒரே மெட்டைப் பல இசை வரிகள், அதாவது 'குரல்கள்', ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் வடிவம். அந்தக் கூடத்தில் எதிரொலி அதிகம். ஹெட்ஃபோனில் கேட்டால் குரல்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஸ்பீக்கரில், ஒரு நாளைக்கு ஒரு ஜோடி போதும்.