வெப் சர்வீஸ் பிளாட்பாரம் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: எல்லாம் நானே செய்தவை

போன மாதம் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் ஒரு ஸ்லைடைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஒருவர் சேலம், இன்னொருவர் கும்பகோணம். பெங்களூருக்கு வந்து இருவருக்கும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரு வாடிக்கையாளரின் வெப் சர்வீஸுக்காக (நெட்வொர்க் வழியாக இன்னொரு புரோகிராம் கேட்பதற்குப் பதில் தரும் புரோகிராம்) ஜாவா பிளாட்பாரம் ஒன்றையும் டாட்நெட் பிளாட்பாரம் ஒன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தேன். ஸ்லைடில் பச்சைக் கம்பம் கூரையை முட்டிக்கொண்டு நின்றது, சிவப்புக் கம்பம் தரையோடு தரையாகக் கிடந்தது.

"ஜாவா பதினோரு மடங்கு வேகம் ண்ணா."

"டாட்நெட் சர்வர்ல சிபியு எவ்வளவு ஓடிச்சு?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த முழி எனக்கு நன்றாகத் தெரியும். 2011-ல் அதே முழியை நானும் முழித்திருக்கிறேன். அன்றைக்கு வந்த கோபத்தில் எழுத ஆரம்பித்ததுதான் இது. கோபம் அவர்கள் மேல் இல்லை.

டிபக் லாக்கை அணைக்காமல் ஓட்டுவது, ஒரு பக்கம் நான்கு கோர் மறுபக்கம் எட்டு கோர் வைப்பது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அதெல்லாம் முதல் நாளிலேயே யாராவது பிடித்துவிடுவார்கள்.

ஹலோ வேர்ல்ட் சர்வீஸை வைத்து ஒப்பிடுவது

ஹலோ சொல்வதற்கு எந்த பிளாட்பாரமும் திணறியதில்லை.

அளக்கிற கருவியை அளக்காமல் விடுவது

2011-ல் நான் ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் இருந்தேன். வாடிக்கையாளர் ஒரு காப்பீட்டு நிறுவனம். பாலிசி விவரம் தரும் அவர்களுடைய சர்வீஸ் ஜாவாவில் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியே விடுவதா, டாட்நெட்டுக்கு மாற்றுவதா என்று கேட்டார்கள். மூன்று வாரம் அவகாசம்.

ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கப் பார்த்தேன். வேகத்தையும் அளக்க வேண்டும், இரண்டு தரப்பும் ஒன்றோடு ஒன்று பேசுகிறதா என்றும் பார்க்க வேண்டும். அப்படியானால் ஜாவா சர்வீஸை டாட்நெட் கிளையன்ட் கூப்பிடட்டும், டாட்நெட் சர்வீஸை ஜாவா கிளையன்ட் கூப்பிடட்டும். குறுக்கே கட்டிவிட்டால் ஒரே சோதனையில் இரண்டு விடை. பெரிய சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு பக்கமும் 50 த்ரெட், அதாவது ஒரே சமயத்தில் தனித்தனியாகக் கூப்பிடும் 50 இழைகள். டாட்நெட் சர்வீஸ் நொடிக்குப் பல நூறு அழைப்புகளுக்குப் பதில் சொன்னது. ஜாவா சர்வீஸ் 40. த்ரெட்டை 100 ஆக்கினேன், அப்போதும் 40. 200 ஆக்கினேன், அதே 40. பதில் வரும் நேரம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. 'சுமை கூடும்போது ஜாவா சர்வீஸ் தாக்குப்பிடிப்பதில்லை' என்று ரிப்போர்ட்டில் எழுதி, பக்கத்தில் கிராஃப் வேறு வரைந்து வைத்தேன்.

ஒரு அழைப்புக்கு அந்த ஜாவா சர்வீஸ் எடுத்துக்கொண்ட நேரம் 50 மில்லிநொடி. அதாவது ஒரு இணைப்பில் நொடிக்கு 20 அழைப்பு போய்வரலாம். 40 என்றால் இரண்டே இணைப்பு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கு. நான் போடவில்லை.

நடந்தது இதுதான். டாட்நெட் ஃப்ரேம்வொர்க்கில் எழுதிய கன்சோல் புரோகிராம், நாமாக மாற்றினால் ஒழிய, ஒரு சர்வருக்கு ஒரே சமயத்தில் இரண்டு எச்டிடிபி இணைப்புக்கு மேல் திறக்காது. 1999-ல் வந்த ஆர்.எஃப்.சி. 2616 என்ற எச்டிடிபி விதி ஆவணம், ஒரு தனியாள் பயன்படுத்தும் கிளையன்ட் ஒரு சர்வரோடு இரண்டு இணைப்புக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லியிருந்தது. டயல்-அப் காலத்து நாகரிகம். பிரௌசர்கள் அந்த எண்ணை எப்போதோ தாண்டிவிட்டன. 2014-ல் வந்த ஆர்.எஃப்.சி. 7230 எண்ணையே எடுத்துவிட்டது. ஃப்ரேம்வொர்க்கோ அந்த இரண்டைக் கட்டிக்கொண்டு நின்றது.

ஆக, என்னுடைய 50 த்ரெட்டில் 48 என் மெஷினுக்குள்ளேயே வரிசையில் நின்றுகொண்டிருந்தன. சர்வர் வாசற்படியை அவை மிதிக்கவே இல்லை. அவை காத்திருந்த நேரத்தை எல்லாம் கூட்டி ஜாவா தலையில் கட்டினேன். மறுபக்கம் என் ஜாவா கிளையன்டுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது, அது இஷ்டத்துக்கு இணைப்புகளைத் திறந்தது. சில்க் போர்டு சிக்னலில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு, எலக்ட்ரானிக் சிட்டி ஆபீஸில் லிஃப்ட் மெதுவாக வருகிறது என்று புகார் எழுதிய கதை.

ரிப்போர்ட்டை நம்பினார்கள். ஜாவா டீமில் இருந்த ஆறு பேரைப் பிரித்து வேறு வேறு புராஜெக்ட்டில் போட்டார்கள். எட்டு மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் டாட்நெட்டில் திரும்ப எழுதினோம். எனக்கு ஒரு கண்ணாடிக் கட்டையில் பெயர் பொறித்துக் கொடுத்தார்கள்.

பிறகு ஒரு நாள், புதிய டாட்நெட் ஜாப் ஒன்று இன்னும் மாற்றாமல் மிச்சமிருந்த ஒரு ஜாவா சர்வீஸைக் கூப்பிட வேண்டியிருந்தது. இரவு ஜாப், காலை வரை முடியவில்லை. மறுபடியும் நொடிக்கு நாற்பதைச் சுற்றியே நின்றது. "நான்தான் அப்பவே சொன்னேனே, ஜாவா தாங்காதுன்னு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் திருநெல்வேலிக்காரர் ஒருவர், எங்களுக்கெல்லாம் சீனியர். சர்வரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "ஏல, சிபியு ஆறு பர்சென்ட்டுல கெடக்கு. தூங்குறவன் மேல ஏம்ல பழி போடுத?" என்றார். திறந்திருக்கும் இணைப்புகளைக் காட்டும் நெட்ஸ்டாட் கட்டளையை அடித்துக் காட்டினார். அந்த சர்வருக்குப் போன இணைப்புகள் இரண்டே இரண்டு. கான்ஃபிக் ஃபைலைத் திறந்து மேக்ஸ்கனெக்‌ஷன் 48 என்று ஒரு வரி சேர்த்தார். நொடிக்கு அறுநூறைத் தாண்டியது.

எட்டு மாதம், ஆறு பேர், ஒரு வரி. அன்று சாயங்காலம் கேபில் ஏறாமல் குந்தலஹள்ளி வரை நடந்தே போனேன். அந்தக் கண்ணாடிக் கட்டை இன்னும் வீட்டில் இருக்கிறது, பரணில்.

இந்தக் கதையைச் சொன்னதும் சேலத்துக்காரர், "அது பழைய ஃப்ரேம்வொர்க் ண்ணா. அதுக்கப்புறம் வந்த டாட்நெட் கோர்ல அந்த லிமிட் இல்லையே" என்றார். உண்மைதான். ஆனால் டாட்நெட் சர்வீஸைக் கூப்பிட அவர்கள் எழுதியிருந்த ஜாவா கிளையன்ட், அப்பாச்சி எச்டிடிபி கிளையன்ட் என்ற லைப்ரரியின் நான்காம் பதிப்பை வைத்து எழுதியது. அதில் கனெக்‌ஷன் பூலை (திறந்து வைக்கும் இணைப்புகளின் தொகுப்பை) நாம் எதுவும் சொல்லாமல் விட்டால் ஒரு ரூட்டுக்கு, அதாவது ஒரு சர்வருக்கு, 2, மொத்தம் 20. அதே இரண்டு! அன்று ஜாவாவுக்கு விழுந்த அடி இன்று டாட்நெட்டுக்கு விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். ஐந்தாம் பதிப்பில் ரூட்டுக்கு 5 ஆக்கியிருக்கிறார்கள். அதுவும் சோதனைக்குப் போதாது.

இப்போது நான் செய்வது: சர்வர் பக்கம் போகும் முன், எதைக் கேட்டாலும் உடனே ஒரே பதிலைத் துப்பும் டம்மி சர்வர் ஒன்றின் மேல் கிளையன்டை ஓட்டுவேன். அங்கே நொடிக்கு 900 வருகிறது என்றால் அதுதான் என் கருவியின் உச்சவரம்பு. எந்த பிளாட்பாரத்துக்கும் அதற்கு மேல் மார்க் போட எனக்கு வழியில்லை. இரண்டு பிளாட்பாரத்துக்கும் ஒரே கிளையன்ட், ஒரே மெஷின், ஒரே நெட்வொர்க். ஒன்றை மும்பை டேட்டா சென்டருக்குள்ளிருந்தும் இன்னொன்றை லேப்டாப்பில் விபிஎன் வழியாகவும் ஓட்டினால் நீங்கள் ஒப்பிடுவது விபிஎன்னை. ஓடும்போது இரண்டு முனையிலும் சிபியுவையும் திறந்திருக்கும் இணைப்புகளின் எண்ணிக்கையையும் எழுதி வைக்க வேண்டும். த்ரெட்டை இரட்டிப்பாக்கியும் எண்ணிக்கை ஏறவில்லை, சர்வர் சிபியுவும் சும்மா இருக்கிறது என்றால் க்யூ வேறு எங்கோ நிற்கிறது. அது எங்கே என்று தெரியும்வரை கிராஃப் வரையாதீர்கள்.

இதே குடும்பத்தில் இன்னொரு தவறும் உண்டு. சுமைச் சோதனைக் கருவியான ஜேமீட்டரில் வழக்கமாக நாம் வைக்கிற முறையில், ஒரு த்ரெட் பதில் வந்த பிறகுதான் அடுத்ததை அனுப்பும். நொடிக்கு 100 அனுப்பும் ஒரு த்ரெட் இருக்கிறது, சர்வர் பயன்படாத நினைவகத்தைச் சுத்தம் செய்யும் கார்பேஜ் கலெக்‌ஷனில் 10 நொடி உறைந்துவிட்டது என்று வையுங்கள். நிஜ உலகில் ஆயிரம் பேர் மாட்டியிருப்பார்கள். உங்கள் கருவியோ சர்வரோடு சேர்ந்து தானும் நின்றுவிட்டு, ஒரே ஒரு மோசமான அழைப்பு என்று பதிவு செய்யும். ஜாவா நிபுணர் கில் டெனே இதற்கு கோஆர்டினேட்டட் ஒமிஷன் என்று பெயர் வைத்தார். அவருடைய டபிள்யூஆர்கே2 என்ற கருவி, பதில் வந்தாலும் வராவிட்டாலும் சொன்ன வேகத்துக்குக் கணக்கு வைத்து அளக்கும்.

சராசரி

99-ஆம் பெர்சென்டைல் (நூற்றில் 99 அழைப்புகள் எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தன என்ற எண்) இல்லாத ஸ்லைடை நான் படிப்பதில்லை.

வார்ம்-அப்

ஜாவா புரோகிராமை ஓட்டும் ஜே.வி.எம்., அடிக்கடி ஓடும் நிரல் பகுதியை மட்டும்தான் நன்றாகக் கம்பைல் செய்யும் (மெஷின் மொழிக்கு மாற்றும்), அதற்கு முதலில் அது பல ஆயிரம் முறை ஓட வேண்டும். இப்போது டாட்நெட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான். முதல் சில நிமிடங்களின் எண்களைத் தூக்கி எறியுங்கள்.

அடுத்தவர் ஓட்டிய சோதனையை நம்புவது

பெட் ஸ்டோர் சண்டையைப் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜாவாவில் ஒரு பெரிய அப்ளிகேஷனை எப்படி வடிவமைப்பது என்று கற்றுக்கொடுக்க, ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனம் வெளியிட்ட மாதிரிதான் ஜாவா பெட் ஸ்டோர். வேகத்துக்காக எழுதியதே இல்லை. 2001-ல் மைக்ரோசாஃப்ட் அதே கடையை டாட்நெட்டில் எழுதி, பாருங்கள் நிரல் வரிகளும் குறைவு, வேகமும் அதிகம் என்றது. 2002-ல் மிடில்வேர் கம்பெனி என்ற நிறுவனம் இரண்டையும் ஓட்டி வெளியிட்ட ரிப்போர்ட்டைச் சுற்றி ஜாவா உலகமே கொந்தளித்தது. வகுப்பில் பாடம் நடத்த வந்தவரை ஓட்டப்பந்தயத்தில் நிறுத்தினால் என்ன ஆகும்? வெளியில் இருந்து வரும் எண்ணைப் பார்க்கும்போது, ஓட்டியது யார் என்பதோடு அந்த நிரல் எதற்காக எழுதப்பட்டது என்றும் பாருங்கள்.

விலைப்பட்டியலைச் செலவு என்று நினைப்பது

'ஜாவா இலவசம்' என்று ஒரு ஸ்லைடில் வரும், 'ஜாவாவுக்குக் காசு' என்று அடுத்ததில் வரும். இரண்டும் பாதி உண்மை. ஓப்பன் ஜேடிகே (ஜாவாவின் திறந்த மூல வடிவம்) வழி வரும் டெமுரின், கொரெட்டோ போன்றவற்றுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. சன் நிறுவனத்தை வாங்கிய ஆரக்கிள் தன்னுடைய ஜாவா 8-க்கு 2019 ஜனவரிக்குப் பிறகு வந்த அப்டேட்டுகளை வணிகப் பயன்பாட்டுக்குச் சந்தா கட்டித்தான் வாங்க வேண்டும் என்றது. 2023 ஜனவரியில் எண்ணும் முறையையே மாற்றி, நிறுவனத்தின் மொத்த ஊழியர் எண்ணிக்கைக்கு விலை வைத்தது. ஜாவா என்றால் என்னவென்றே தெரியாத கணக்குப் பிரிவு ஊழியரும் அதில் ஒரு தலை. விலை எவ்வளவு என்பதைவிட எதை எண்ணி விலை போடுகிறார்கள் என்பது முக்கியம்: சிபியு கோரா, ஆளா, அழைப்பா?

வெளியேறும் செலவை யாரும் எழுதுவதில்லை. டாட்நெட் கோர் 2016-ல் வந்து லினக்ஸிலும் ஓடியது, சரி. ஆனால் டாட்நெட்டில் வெப் சர்வீஸ் எழுதப் பயன்பட்ட பழைய டபிள்யூ.சி.எஃப். சர்வர் நிரல் அதோடு வரவில்லை. சமூகத்தார் சேர்ந்து எழுதிய கோர்டபிள்யூ.சி.எஃப். 1.0 பதிப்புக்கு 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜாவா பக்கமும் ஒன்றும் தேன் ஓடவில்லை. 2018-ல் ஜேடிகே 11 வந்தபோது எக்ஸ்எம்எல்லில் பேசும் சோப் சர்வீஸுக்கான ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் லைப்ரரியைத் தூக்கிவிட்டார்கள். 2020-ல் பெரிய நிறுவன அப்ளிகேஷன்களுக்கான ஜாவா தரமான ஜகார்த்தா ஈஈ 9, பாக்கேஜ் பெயர்களையே ஜாவாக்ஸிலிருந்து ஜகார்த்தாவுக்கு மாற்றியது.

அப்புறம் ஆட்கள். இந்த ஊரில் 90 நாள் நோட்டீஸ். உங்கள் பிளாட்பாரம் தெரிந்த ஒருவர் இன்று சரி என்று சொன்னாலும் மூன்று மாதம் கழித்துத்தான் வருவார், வந்தால்.

'டபிள்யூ.எஸ்.டி.எல். இறங்கிவிட்டது, அதனால் இரண்டும் பேசும்'

பேசும். ஆனால் சர்வீஸை விவரிக்கும் அந்த ஃபைல் இறங்கிவிட்டால் மட்டும் போதாது, என்ன பேசும் என்பதுதான் கேள்வி. எரர் வந்தால் பிரச்சினையே இல்லை, சரிசெய்துவிடலாம். சத்தமில்லாமல் தவறுவதுதான் ஆளைக் கொல்லும்.

டபிள்யூ.சி.எஃப்.-இன் டேட்டா கான்ட்ராக்ட் சீரியலைசர் (டேட்டாவை எக்ஸ்எம்எல்லாகவும் திரும்பவும் மாற்றும் பகுதி) எக்ஸ்எம்எல் எலமென்ட்டுகளைக் குறிப்பிட்ட வரிசையில் எதிர்பார்க்கும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் ஆங்கில அகரவரிசை. ஜாவா பக்கமிருந்து வரிசை மாறி வந்தால் திட்டாது, அந்த எலமென்ட்டை விட்டுவிட்டு நகர்ந்துவிடும். உங்களுக்குக் கிடைப்பது நல் (மதிப்பே இல்லாத நிலை) அல்லது பூஜ்யம். தள்ளுபடித் தொகை ஒன்று இப்படி எங்களுக்கு இரண்டு வாரம் பூஜ்யமாகவே வந்தது. தள்ளுபடி பூஜ்யமாக இருப்பது நடக்கக்கூடியதுதானே, யாருக்குச் சந்தேகம் வரும்? இதற்கு நேர் எதிர்த்திசையிலும் ஒரு பொறி உண்டு. விருப்பப்பட்டால் அனுப்பலாம் என்று இருக்கும் எண் ஃபீல்டுக்கு டாட்நெட் பக்கம் 'ஸ்பெசிஃபைடு' என்று ஒரு ட்ரூ-ஃபால்ஸ் ஜோடியும் உருவாகும். தொகையை நிரப்பிவிட்டு அதை ட்ரூ ஆக்க மறந்தால் தொகை கிளம்பவே கிளம்பாது.

தேதி இன்னும் மோசம். பிறந்த தேதியை நம் ஊர் நள்ளிரவு 12 மணி என்று ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, யூடிசி என்ற உலகப் பொது நேரமாக மாற்றி அனுப்பினால் முந்தைய நாள் 18:30 ஆகிவிடும். வாங்கும் பக்கம் நேரத்தை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் வைத்துக்கொண்டால் ஆள் ஒரு நாள் முன்னதாகவே பிறந்துவிட்டார். வயதை வைத்து பிரீமியம் போடும் தொழிலில் இது சின்ன விஷயம் இல்லை. டேபிளில் 18:30 என்று பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். பிறந்த தேதிக்கு நேரமே வேண்டாம், வெறும் தேதியாக அனுப்புங்கள்.

எல்லா ஃபீல்டும் நிரம்பிய அழகான சாம்பிளை அனுப்பிப் பார்ப்பது சோதனை இல்லை. காலியானது, இல்லாதது, பூஜ்யம், தமிழில் எழுதிய பெயர், இவற்றை அனுப்பி, மறுமுனையில் டேபிளைத் திறந்து கண்ணால் பாருங்கள்.

மறுபடி ஓட்டியபோது

சேலமும் கும்பகோணமும் வெள்ளிக்கிழமை மடிவாளா பஸ்ஸைப் பிடிப்பதற்குள் முடித்துவிடுவதாகச் சொன்னார்கள். திங்கட்கிழமைதான் முடிந்தது. பதினோரு மடங்கு காணாமல் போய், வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் வந்துவிட்டது. எந்தப் பக்கம் என்பதும் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுகிறது. கம்பங்கள் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்பதால் ஸ்லைடு எடுப்பாக இல்லை என்று கும்பகோணத்துக்கு வருத்தம். விலைப் பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. எதை எண்ணி விலை போடுகிறீர்கள் என்று விற்பனைப் பிரதிநிதிக்கு மெயில் போட்டிருக்கிறோம், கூப்பிடுகிறேன் என்றிருக்கிறார்.