அனுபவ ஆண்டுகளை எண்ணாமல், கற்றுத் தேறும் திறனைப் பார்த்து ஆள் எடுப்பது எப்படி?

வேலை விளம்பரத்தில் ‘ஐந்தாண்டு அனுபவம் தேவை’ என்று எழுதும் நிறுவனத்திடம் அந்த ஐந்து எப்படி வந்தது என்று கேட்டால், பெரும்பாலும் சரியான பதில் இருக்காது. அந்த இடத்தில் முன்பு இருந்தவர் ஐந்தாண்டு அனுபவத்தோடு விலகிச் சென்றிருப்பார். ஆனால் அவர் சேர்ந்த நாளில் அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதை யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அனுபவ ஆண்டுகள் வேலைத்திறனை எவ்வளவு முன்னறிவிக்கின்றன என்பதை உளவியலாளர்கள் நெடுங்காலமாக அளந்து வருகிறார்கள். பிராங்க் ஷ்மிட்டும் ஜான் ஹன்டரும் 85 ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் வெளியிட்ட கட்டுரையில், இவ்விரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.18 என்று கணக்கிட்டார்கள். 1 என்றால் முழுத் தொடர்பு, 0 என்றால் தொடர்பே இல்லை. 2019இல் 81 ஆய்வுகளைத் தொகுத்த மற்றொரு கட்டுரையில், வேறிடங்களில் பெற்ற முன் அனுபவத்துக்கான எண் ஏறத்தாழ 0.06 ஆக இருந்தது. பால் சாக்கெட்டும் அவருடைய குழுவினரும் 2022இல் பழைய கணக்குகளைத் திருத்தியபோது, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பிடும் நேர்காணல் 0.42 பெற்று முதலிடத்தில் நின்றது. வேலையின் ஒரு பகுதியைச் செய்துகாட்டச் சொல்லும் மாதிரித் தேர்வு 0.33 பெற்றது. இவையும் பெரிய எண்கள் அல்ல. ஆள் எடுப்பதில் எந்த முறையும் பாதிக் கண்ணோடுதான் பார்க்கிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது.

அனுபவத்தை ஒதுக்கிவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ‘பேசும்போதே தெரிகிறது, பையன் துடிப்பானவன்’ என்று முடிவெடுப்பது திறனை அளப்பதாகாது. நம்மைப் போலப் பேசுகிறவரை நமக்குப் பிடித்திருக்கிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. திறன் என்பது நம் கண் முன்னே ஒரு செயலில் வெளிப்பட வேண்டும். அதற்கான வாய்ப்பை நாம்தான் அமைத்துக் கொடுக்க வேண்டும்.

முதல் வேலையாக, பணிக்குத் தேவையானவற்றை எழுதி மூன்றாகப் பிரியுங்கள்: முதல் நாளே தெரிந்திருக்க வேண்டியவை, சில மாதங்களில் கற்றுக்கொடுக்கக் கூடியவை, கற்றுக்கொடுப்பதற்கு அரியவை. கிடங்கில் சரக்கு இருப்பைக் கவனிக்கும் பணியை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள கணினி மென்பொருளை இரண்டு வாரங்களில் பழகிவிடலாம். ஆனால் கணக்கில் உள்ள எண்ணிக்கையும் அடுக்கில் உள்ள எண்ணிக்கையும் பொருந்தாதபோது, ஏதோ ஓர் எண்ணை எழுதிச் சமாளிக்காமல் காரணத்தைத் தேடிப் போகும் குணத்தை இரண்டு ஆண்டுகளிலும் ஊட்ட முடியாமல் போகலாம். விளம்பரங்கள் பெரும்பாலும் மென்பொருளின் பெயரைத் தடித்த எழுத்தில் அச்சிட்டு, இந்தக் குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதுவதில்லை. மூன்றாவது பட்டியலில் உள்ளவற்றைத்தான் தேர்வில் அளக்க வேண்டும்.

மாதிரித் தேர்வை ஒரே தடவையில் முடித்துவிட்டால், ஏற்கெனவே அந்த வேலையைச் செய்தவரே முந்துவார். அது மறுபடியும் அனுபவத்தையே அளந்ததாகிவிடும். ஆகவே அதை இரண்டு சுற்றுகளாக நடத்துங்கள். பிழைகள் கலந்த ஓர் இருப்புப் பட்டியலைக் கொடுத்து நாற்பது நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கால் மணி நேரம் அருகில் அமர்ந்து, தவறவிட்ட ஒரு பிழையைக் காட்டி, அதைக் கண்டுபிடிக்கும் வழியையும் விளக்குங்கள். அதன்பின் அதே கடினத்தில் இன்னொரு பட்டியலைக் கொடுங்கள். சொல்லிக்கொடுத்தது அடுத்த பட்டியலில் பயன்பட்டதா, வேறு வகைப் பிழைக்கும் அந்த வழியைத் தாமாகவே நீட்டிப் பார்த்தாரா என்பவையே கவனிக்க வேண்டியவை. இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. முதல் சுற்றில் மிகக் குறைவாகப் பெற்றவருக்கு உயர்வதற்கு இடம் அதிகம் என்பதால், இரு மதிப்பெண்களின் வேறுபாட்டை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் ஏமாந்துபோவோம். இரண்டாம் சுற்றில் அவர் எட்டிய நிலையையும் சேர்த்தே எடைபோட வேண்டும். தேர்வு அரை நாளைத் தாண்டினால் அதற்கு ஊதியம் கொடுப்பதே முறை.

1942 ஜனவரியில் பிரிட்டனின் டெய்லி டெலிகிராப் நாளிதழ் ஒரு குறுக்கெழுத்துப் புதிரை 12 நிமிடங்களுக்குள் முடிக்கும் போட்டியை நடத்தியது. பங்கேற்றவர்களில் சிலர் பின்னர் பிளெட்ச்லி பார்க் என்ற அரசு மையத்தில் எதிரிகளின் போர்க்கால இரகசியக் குறியீடுகளை உடைக்கும் பணிக்கு அழைக்கப்பட்டார்கள். முன் அனுபவம் உள்ளவர்களைத் தேடியிருந்தால் மிகச் சிலரே கிடைத்திருப்பார்கள். ஆனால் அந்தப் புதிர் அந்த வேலையோடு ஒட்டியிருந்தது என்பதை மறக்கக் கூடாது; எந்த வேலைக்கு வந்தவரிடமும் மூளைக்கு வேலை தரும் விடுகதைகளைப் போட்டுப் பார்ப்பது வேறு சங்கதி.

நேர்காணலில், அண்மையில் யாரும் கட்டாயப்படுத்தாமல் எதைக் கற்றீர்கள், எங்கே தவறினீர்கள், தவறு என்று எப்படித் தெரிந்தது என்று எல்லோரிடமும் ஒரே வரிசையில் கேளுங்கள். உண்மையில் கற்றவர் நுணுக்கங்களைச் சொல்வார். மற்றவரின் பதில் ‘கடினமாக உழைத்தேன்’ என்பதோடு நின்றுவிடும். மதிப்பிடுவோர் தத்தம் மதிப்பெண்ணைத் தனித்தனியே எழுதிவைத்த பிறகே கலந்து பேச வேண்டும். இல்லாவிட்டால் அறையில் மூத்தவரின் கருத்தே எல்லோருடைய கருத்தாகிவிடும்.

சட்டப்படி உரிமமும் பயிற்சி நேரமும் கேட்கும் பணிகளுக்கு இந்த வழி பொருந்தாது. கற்றுக்கொடுக்க ஆளே இல்லாத இடத்துக்கும் பொருந்தாது; நாளையே தனியாகப் பொறுப்பேற்க வேண்டிய நிலை என்றால், அனுபவசாலியை எடுப்பதே நேர்மை. அனுபவம் இல்லை என்ற காரணத்தைக் காட்டிச் சம்பளத்தைக் குறைப்பதற்காக இதைக் கையாளும் நிறுவனங்களிலிருந்து, கற்றுத் தேறியவர் முதல் வாய்ப்பிலேயே வெளியேறிவிடுவார்.

சேர்ந்தவருக்கு முதல் மூன்று மாதங்களுக்கு ஒரு மூத்த பணியாளரைத் துணையாக நியமித்து, அந்த மூத்தவரின் வேலைச்சுமையை அந்த அளவுக்குக் குறைத்துக் கொடுங்கள். தேர்வில் இட்ட மதிப்பெண்களை எறிந்துவிடாமல் வைத்திருந்து, ஓராண்டு கழித்து அவருடைய உண்மையான வேலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தக் கேள்விக்குப் பெற்ற மதிப்பெண் எதையும் முன்னறிவிக்கவில்லையோ, அதை அடுத்த தேர்விலிருந்து நீக்கிவிடுங்கள்.